மலர்விழியின் இஞ்சு டேப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கும் மலர்விழி, எனக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டே சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். தப்பாக எழுதினால் கையை இறுக்கித் தைத்துவிடுவேன் என்றாள். ஆகவே பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

2

‘1987. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் வெட்டுண்ட மரங்கள்...’

வேண்டாம். பத்திரிகைச் செய்தியும் மரத்தில்தான் ஆரம்பித்தது. மனிதரில் ஆரம்பிக்கிறேன்.

‘கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவரும் சடையன், அன்று சாலையோரம் கோபத்தில் வாய் பிளந்து...’

இந்த வாக்கியம் இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

யாரோ அவரைப் படம் பிடித்தார்கள். மறுநாள் பத்திரிகையில், ‘கூச்சலிடும் அடங்காத மலைக்கூட்டம்’ என்று போட்டு, மேலே அவர் முகம். (பத்திரிகையின் பெயரை அடித்துவிட்டேன். வக்கீல் தோழியின் அறிவுரை.) அதன்பின் சந்தையில் அவரை யாரும் உட்கார விடவில்லை. மூன்று வாரம் கடுக்காய் மூட்டை மலைக்கே திரும்பிப் போனது. மூட்டையை அவர் இறக்கிவைப்பது மலர்விழியின் கடை வாசலில்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

3

மலர்விழி பழைய பேப்பரில்தான் ஜாக்கெட் அளவு வெட்டுவாள். ராசுவின் பழைய பேப்பர் எடைக்கடையில் வாங்கிய ஒரு கட்டுக்குள், அதே பத்திரிகையின் வெள்ளைக்காரன் காலத்து இதழ்கள் இருந்தன. வரி கட்டாத மலைக்காரர்களைப் பற்றிய செய்தி. ‘அடங்காத மலைக்கூட்டம்.’ எழுத்துக்கு எழுத்து அதேதான்.

இஞ்சு டேப்பை எடுத்தாள். அந்தக் காலத்தில் நாற்பது இதழ், இந்தக் காலத்தில் நாற்பது. அவற்றில் அதிகாரிகள் பேச்சு அச்சான ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலம் சிவப்புத் துணி, ஜனங்கள் பேசியதற்கு மஞ்சள். காலத்துக்கு ஒரு பட்டையாகத் தைத்து, சந்தை நாளன்று கடை முன்னால் தொங்கவிட்டாள். இரண்டும் ஒரே நீளம், ஒரே சிவப்பு.

(இங்கே ‘உண்மை செந்நிறமாய் வழிந்தது’ என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

4

பத்திரிகையின் உள்ளூர் நிருபர் சுப்புராயன் வந்து பார்த்தார். ஜனங்க பேச்சையும் நாங்க போட்டிருக்கோம், இதுல மஞ்சளே காணோம், இது பொய்க்கணக்கு என்றார். கூட்டம் கூடிவிட்டது.

அவர் சொன்னது சரி. மஞ்சள் துண்டு ஒவ்வொன்றும் ஓர் அங்குலம்தான். தையலுக்குத் துணி விடாமல் வெட்டியிருந்தாள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் மடிந்து, அத்தனையும் தையலுக்குள் போய்விட்டன. நேற்று தையல் பழகியவள்கூடச் செய்யாத தப்பு.

மலர்விழி வாதாடவில்லை. பிளேடை எடுத்து, எல்லோர் முன்னாலும் தையலைப் பிரித்தாள். மஞ்சள் துண்டுகளை வரிசையாக வைத்து, டேப்பைச் சுப்புராயன் கையிலேயே கொடுத்தாள். மூன்று தடவை அளந்தார். சிவப்பு, பட்டைக்கு முந்நூறு அங்குலத்துக்கு மேல்.

“வெள்ளக்காரன் காலத்துல மஞ்சள் ஆறு அங்குலம். இப்ப ஏழு,” என்றாள். “அறுவது வருசத்துல ஒரு அங்குலம் வளந்திருக்கீங்க சார்.”

சந்தையே சிரித்தது. மளிகைக்காரர் ஒருவர் தன் சாக்கை நகர்த்தி, சடையனின் மூட்டைக்கு இடம் விட்டார். இருட்டுவதற்குள் மூட்டை காலி. அடுத்த வாரம் பத்திரிகை வருத்தம் தெரிவித்தது, இரண்டு அங்குலத்தில். இதை எழுதும்போது எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருக்கிறது.

5

இங்கே முடித்து மலர்விழிக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் காகிதத்தின் மேல் டேப்பை வைத்தாள்.

“இதுல சடையண்ணன் எத்தினி அங்குலம் பேசறாரு?”

ஒன்றுமில்லை. அவமானமாக இருந்தது. ‘முற்றும்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுச் சந்தைக்குப் போய், மீதிக் காகிதம் உங்களுக்கு என்று சடையனிடம் சொன்னேன். பத்திரிகைப் படத்தைக் காட்டி, அன்று என்ன கூச்சல் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“கூச்சலா? பஸ்ஸு வரலன்னு காத்தால இருந்து குந்திக்கினு இருந்தேம்மா. அது கொட்டாவி.”

இரண்டாம் பகுதியில் நான் எழுதிய ‘கோபத்தில்’ என்ற சொல்லை நீங்களே அடித்துவிடுங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கிறார். நான் பேனாவை மூடுகிறேன், நீங்கள் டேப்பைப் பிடியுங்கள்.

“இன்னும் கீது, எழுதிக்கோ. எம்பேரு சடையன்...”