இரண்டு வார்த்தைக்கான மூச்சு

ஜெனிபர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, வரவேற்பு மேசையில் இருந்த மும்தாஜ் எழுந்து வந்து கட்டிக்கொண்டு, "பேபி கைசி ஹை?" என்று குழந்தையைப் பற்றிக் கேட்டாள். "அச்சி ஹை", நன்றாக இருக்கிறாள் என்றாள் ஜெனிபர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அந்த நேரத்தில் வாயில் வந்த சுருக்கமான பதில் அதுதான்.

குழந்தை பிறந்தபோதே உயிர் இல்லை. எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வயிற்றில் அசைவு நின்றது. புதன்கிழமை பிரசவம். வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, கணவன் ராஜாவும் மாமனார் ஆரோக்கியசாமியும் தேஹு ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். ராஜா வராந்தாக் குழாயில் செருப்பைக் கழுவிவிட்டு வார்டுக்குள் வந்தான். அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. பெண் குழந்தை.

பத்து வாரம் கழித்து, உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் படமெடுத்து ஜிம் உரிமையாளர் ராம்பிரசாத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார். வேறு எதுவும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

பாணேரில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஜிம். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள்கள் இருபது, இருட்டு அறை, பெரிய ஸ்பீக்கர். எதிரே ஒரு திரை. ஒவ்வொருவர் மார்பிலும் கட்டிய பட்டை அவரவர் இதயத் துடிப்பை அதில் காட்டும். காலை ஏழு மணி வகுப்பு ஜெனிபருடையது. முன்னால் தனியாக உள்ள சைக்கிளில் ஏறி, காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு, "லோடு பதாவ், சலோ, ஏக் அவுர்" என்று நாற்பத்தைந்து நிமிடம் கத்துவாள். கனத்தைக் கூட்ட, சக்கரத்தை இறுக்கும் குமிழைத் திருப்பச் சொல்லிக் கையை உயர்த்திக் காட்டுவாள். அவள் சைக்கிளில் குமிழ் தளர்ந்தே இருந்தது. கால்கள் சும்மா சுற்றின. தன் பட்டையைக் கட்டுவதை அவள் விட்டுவிட்டாள். ஒருவரும் கவனிக்கவில்லை.

பொய்தான் வளர்ந்துகொண்டே போனது. வகுப்பு முடிந்து துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பெண்கள் கேட்பார்கள்: ராத்திரி தூங்கவிடுகிறாளா? அம்மா பார்த்துக்கொள்கிறார்களா? தூங்குகிறாள் என்றாள். மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்றாள். பிறந்தபோது எடை மூன்று கிலோ என்றாள். போட்டோ கேட்டபோது, கண் பட்டுவிடும் என்று மாமியார் எடுக்கவிடுவதில்லை என்றாள். சொல்லும்போது நெஞ்சு படபடக்கவில்லை, குற்றவுணர்வும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஸ்ரீவித்யா வந்து நின்றாள். சென்னைக்காரி, ஐடி வேலை, ஜெனிபரைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்த வகுப்பில் தமிழ் பேச ஆள் அவள் ஒருத்திதான்.

"நாலு மாசமா ஒரு நாள் விடாம வரேன் ஜெனிபர். ஒண்ணுமே மாறல. மாடிப்படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது. சுகர் அப்படியே இருக்கு. நான் என்ன தப்பு பண்றேன்?"

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க மேடம். கிளாஸ் இல்ல. தனியா பாக்கலாம்."

சனிக்கிழமை ஸ்ரீவித்யா ஒரு சின்ன காகிதப் பையோடு வந்தாள். "பாப்பாவுக்கு. காட்டன் கவுன். வெயில் வருதில்ல." ஜெனிபர் நன்றி சொல்லி வாங்கி, பக்கத்து சைக்கிளின் கைப்பிடியில் மாட்டினாள்.

பிறகு வேலையைப் பார்த்தாள். சீட் தாழ்ந்திருந்தது. அதை இடுப்பெலும்பு உயரத்துக்கு ஏற்றி, பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும் என்று காட்டினாள். மிதிக்கச் சொன்னாள். ஸ்ரீவித்யா வேகவேகமாக மிதித்தாள். நிமிடத்துக்கு நூற்றிருபது சுற்று. திரையில் துடிப்பு நூற்றைந்தைத் தாண்டவில்லை.

"இதான் மேடம் விஷயம். லோடே இல்ல. சக்கரம் ஓடற வேகத்துல கால் ஓடுது, அவ்ளோதான். நீங்க மிதிக்கல."

"வியர்க்குதே?"

"ரூம் சூடு."

அஞ்சு நிமிடம் லேசாக, பிறகு ஒரு நிமிடம் கனமாக, இரண்டு நிமிடம் இளைப்பாறல். இப்படி ஆறு தடவை, கடைசியில் ஆற அஞ்சு நிமிடம் என்று திட்டம் சொன்னாள். "கனமா மிதிக்கறப்போ எங்கிட்ட ஏதாவது பேசுங்க. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடிஞ்சா லோடு பத்தலன்னு அர்த்தம்."

"நீங்களும் கூட மிதிங்களேன். தனியா பண்ணா நடுவுல நிறுத்திடுவேன்."

வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. ஜெனிபர் பட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து சைக்கிளில் ஏறினாள். குமிழைத் திருப்பினாள். கர்ப்பத்தில் விட்டது; ஏழு மாதத்துக்குப் பிறகு கால் ஒரு கனத்தைச் சந்தித்தது. தொடை மறுத்தது. இரண்டாவது தடவையில் அடிவயிறு இழுத்தது. டாக்டர் பார்த்து அனுப்பிய உடம்புதான் என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாவதில் வாயால் மூச்சு வாங்கினாள். திரையில் அவள் பெயருக்கு நேரே நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. யாருடைய எண்ணையோ பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

நாலாவது தடவை. ஸ்ரீவித்யாவின் முகம் சிவந்திருந்தது. பேச வேண்டும் என்பது நினைவு வந்து, கண்ணில் பட்ட காகிதப் பையைப் பார்த்துக் கேட்டாள்.

"பாப்பா... தூங்குதா?"

வழக்கமான பதில் ஒன்று இருந்தது. தூங்குகிறாள், மாமியார் பார்த்துக்கொள்கிறார், ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். அது நீளமான பதில். அவ்வளவு மூச்சு இல்லை.

"இல்ல" என்றாள். இன்னொரு மூச்சு. "செத்துப் போச்சு."

ஸ்ரீவித்யாவின் கால்கள் நின்றுவிட்டன. ஜெனிபர் அந்த ஒரு நிமிடத்தை மிதித்து முடித்தாள், பழக்கம். குமிழைத் தளர்த்திவிட்டுச் சொன்னாள்: "டக்குன்னு நிக்கக் கூடாது மேடம். தலை சுத்தும். மெதுவா சுத்துங்க."

ஸ்ரீவித்யா மெதுவாகச் சுற்றினாள்.

"எப்போ?"

"பொறக்கறதுக்கு முன்னாடியே."

"அப்போ இவ்ளோ நாளா..."

"கேட்டவங்ககிட்ட நல்லாயிருக்கான்னு சொல்லிட்டேன். ஏன்னு தெரில."

ஸ்ரீவித்யா மிதிப்பதை நிறுத்தினாள். இறங்கி, கைப்பிடியில் தொங்கிய பையை எடுத்துத் தன் தோள்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, "மத்தவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன்."

வரவேற்பு மேசைக்குப் போய் மும்தாஜிடம் சொன்னாள். மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கண்ணில் கோபமும் வந்தது. மூன்று வாரமாகத் தினமும் கேட்டவள் அவள். திங்கட்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் மாலை வகுப்புக்கு மாறிக்கொண்டார்கள். ஒருத்தி, குழந்தை விஷயத்தில் யாராவது இப்படிப் பொய் சொல்வார்களா என்று மராத்தியில் சொன்னது உடைமாற்றும் அறைவரை கேட்டது. அவள் அப்படிச் சொன்னது தப்பு என்று ஜெனிபருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டியில் வீடு திரும்பியபோது சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் தொடை நடுங்கியது. ராஜா தளேகாவ் ஃபேக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து நாலரை மணிக்கு வந்தான். தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, மும்தாஜ் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். கடைசியில், "எவ்ளோ வெயிட்னு சொன்னே?" என்றான்.

"மூணு கிலோ."

"ஒண்ணே முக்கால்" என்றான் ராஜா. "நான்தான் தூக்கினேன். அப்பா குடுன்னார். நான் குடுக்கல."

கையில் பிசைந்த சோறு இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் குனிந்தான். தோள்கள் குலுங்கின. இத்தனை வாரத்தில் அவனைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்துபோக முயன்றாள், கால் வலித்தது. தரையில் நகர்ந்தே அவன் பக்கம் போய் முதுகில் கை வைத்தாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உள்ளே அவன் மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. அவன் நிமிரும்வரை கையை எடுக்கவில்லை.