வலிக்கிற பல்

"வாயைத் திறந்து சொல்லேன். உன்னைப் பத்திச் சொல்லுன்னு இன்டர்வியூல கேட்டா என்ன சொல்லுவே?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கணவர் அதட்டினார். அவள் வாயைத் திறப்பதற்குள், "கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் லேப்ல இருந்தேன்னு சொல்லு" என்று அவரே முடித்தும்விட்டார்.

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். பாதி வீடுகளில் அதுதான். பெண்டாட்டிக்கும் சேர்த்துப் பேசுவதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் புண்ணியவான்கள். யார் அவளை என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். போன மாதம் பல் டாக்டரிடம்கூட எந்தப் பல் என்று அவர்தான் விரல் நீட்டிக் காட்டினார். மரத்துப்போன வாயோடு அவள் இல்லை என்று தலையாட்டியது யார் கண்ணிலும் படவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கி அனுப்பினார்கள். வலிக்கிற பல் இன்னும் வாயிலேயே இருக்கிறது.

இன்று ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பத்து வருஷத்தில் முதல் வாய்ப்பு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். கணவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட டாக்டரம்மா. "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்வீங்க?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனால் இப்போது மனசில் ஒன்றுமே இல்லை. கண் தானாக இடப்பக்கம் போயிற்று. அங்கே ஒரு காலி நாற்காலி. பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும் என்று இத்தனை நேரம் காத்திருந்திருக்கிறாள்! அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தெரியலையா?" டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

பல் இருந்த குழியை நாக்கு தொட்டது.

"தெரியும்மா. ஒரு நிமிஷம் குடுங்க. பதில் சொல்லிப் பழக்கம் விட்டுப்போச்சு." மூச்சை இழுத்து விட்டாள். "முதல்ல நோயாளிகிட்ட பேரைக் கேட்பேன். கூட வந்தவங்க சொல்ல வந்தா விடமாட்டேன். அவங்க வாயாலயே சொல்லணும். இல்லன்னா தப்பு நடந்துடும்மா. நடந்திருக்கு."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விகளில் அவள் தடுமாறவில்லை.

அவள் வெளியே வந்து அரை மணி கழித்துக் குமாஸ்தா வேலைக் கடிதத்தோடு வந்தார். அவளைத் தாண்டிக் கணவரைப் பார்த்து, "மத்தியான ஷிப்ட்தான் இருக்கு. வருவாங்களா சார்?" என்று கேட்டார்.

"மத்தியானம் சரிப்படாது. அவளுக்குக் காலையில இருந்தாதான்..."

"வருவேன்" என்று சொல்லி, அவள் கை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் கணவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அப்புறம், "என்னை ஒரு வார்த்தை கேட்காம..." என்று ஆரம்பித்தார்.

"போற வழியில பல் டாக்டரைப் பார்க்கணுங்க."

"சரி, வா. நான் சொல்லிக்கிறேன்."

"நீங்க வெளியில உட்காருங்க" என்றாள் அவள். "எந்தப் பல்லுன்னு நான் காட்டிக்கிறேன்."