குதிகாலில் நழுவாத ஒரு சோடி

“உங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கால் பெருசு?” என்று காலணிக் கடைக்காரர் தையல்காரியிடம் கேட்டார். அப்போது அவள் புருஷன் கடையின் மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே, வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நின்றிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்; அவர் காலுக்கும் தரைக்கும் நடுவில் ஆளுயரத்துக்குக் காற்று மட்டுமே இருந்தது. கடைக்காரர் மரியாதைக்கு விசிறியை முன்பே நிறுத்தியிருந்தார். மிதக்க ஆரம்பித்த இரண்டு மாதத்தில் அவரைப் பற்றி அவளிடம் எவ்வளவோ பேர் எவ்வளவோ கேட்டுவிட்டார்கள். ஏன் மேலே போகிறார், எப்போது இறங்குவார், வீட்டில் ஏதும் சண்டையா, மேலே இருந்தால் குளிருமா. உபயோகமான கேள்வி கேட்ட முதல் மனிதர் இவர்தான். அவளுக்குப் பதிலும் தெரிந்திருந்தது. இடது கால், ஒரு நூலளவு.

மிதப்பு ஒரு செவ்வாய்க்கிழமை பல் துலக்கும்போது தொடங்கியது. முதலில் நாலு விரல். அதனால் தெருவில் அவருக்கு ‘நாலு விரல்’ என்று பெயர் வந்தது. பிறகு எவ்வளவு உயரம் போனாலும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. மாதம் முடிவதற்குள் வெறுங்காலோடு இருந்தால் உத்தரம்வரை போனார். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் வழவழப்பான தோல் அடி வைத்த, நாடா இல்லாத லோஃபரைப் போட்டால் ஒரு சாண் உயரத்தில் நின்றார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எடை குறைந்துவிட்டதோ என்று பழைய பேப்பர் கடைத் தராசை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து அவர் காலடியில் வைத்துப் பார்த்தார்கள். அறுபத்தெட்டு கிலோ, போன வருடமும் அதேதான். சட்டைப்பையில் இரும்புக் குண்டுகளைப் போட்டதில் பை கிழிந்ததே தவிர ஆள் இறங்கவில்லை. தையல்காரி பையைத் தைத்துக் கொடுத்தாள்.

அவளுடைய நாத்தனார், அதாவது அவருக்கு மூத்த அக்கா, செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தம்பி உத்தரத்தில் முதுகு தேய உட்கார்ந்து பேப்பர் படிப்பதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். “என்ன சோறு போடறே இவனுக்கு? ஊதி ஊதிப் போடறியா?” என்றாள். தையல்காரி நூல்கண்டில் முனையைத் தேடினாள். “உன்கிட்டதான் அத்தனை நூல்கண்டு இருக்கே. காலைக் கட்டி ஜன்னல் வழியா விட்டா, பட்டம்னாவது ஊரு ரசிக்கும்.”

“அக்கா, எனக்குக் கேக்குது” என்றார் மேலிருந்து.

“கேக்கணும்னுதானே சொல்றேன். இறங்கி வா!”

வழியைக் கண்டுபிடித்ததும் அந்த நாத்தனார்தான். தினமும் நடக்கச் சொல்லி அவளுக்கு டாக்டர் உத்தரவு; அதற்காக அவள் வைத்திருந்த இளஞ்சிவப்பு நிற ஓட்டக் காலணிகளை, மேஜைமேல் ஏறி நின்று, பிடிவாதமாகத் தம்பியின் காலில் மாட்டினாள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு பாதம். நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டதும் அவர் லிஃப்ட் இறங்குவதுபோல் நிதானமாக இறங்கி, இளஞ்சிவப்புக் கால்களோடு தரையில் நின்றார். ரப்பர் அடியில் இருந்த வரிப்பள்ளங்கள் தரையைப் பிடித்துக்கொண்டன. தோல் அடிக்கு அந்தப் பிடி இல்லை. அன்று மாலையே சாம்பல் நிறத்தில் அவருக்கென்று ஒரு சோடி ஸ்னீக்கர் வாங்கினார்கள். நாத்தனார் தன்னுடையதை வாங்கி, உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போனாள். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆபீசை யாரும் நினைக்கவில்லை.

அவர் நிலப் பத்திரங்களுக்கு நகல் எழுதும் ஆபீசில் வேலை பார்த்தார். அங்கே வருகைப் பதிவேடு கண்காணிப்பாளரின் கையில் இருந்தது. அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருடம். தலையை நிமிர்த்த முடியாது. அவர் அறையின் அரைக்கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. காலை பத்து மணிக்கு அந்த இடைவெளியில் தெரியும் காலணிகளைப் பார்த்துத்தான் அவர் வருகை போடுவார். நாற்பத்தொரு ஊழியர்களையும் காலணியாலேயே அடையாளம் தெரியும். யார் யாருக்குத் தேய்மானம் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் தப்பவில்லை. நாடா கட்டிய ரப்பர் காலணிகள் என்றால் வெளியாட்கள், பார்சல் கொண்டு வருகிறவர்கள் என்பது அவர் கணிப்பு. ஆகவே நாலு விரல் லோஃபரைப் போட்டுக்கொண்டு போனால் ஒரு சாண் மேலே போனார். இடைவெளியில் ஒன்றும் தெரியாது. ஸ்னீக்கரைப் போட்டுக்கொண்டு போனால் ‘பார்சல்’. இரண்டு வகையிலும் அன்று அவர் வரவில்லை என்றாகிவிடும். வராத அந்த நாட்களில் அவர் எண்ணூறு பக்கம் நகல் எழுதினார். அதில் பிழை இல்லையென்று கையெழுத்துப் போட்டவர் அதே கண்காணிப்பாளர்தான்.

போய் விளக்கிச் சொல்லாமல் இல்லை. “முகத்தைப் பாத்துப் போடணும்னு விதியில எங்கப்பா இருக்கு?” என்று கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டார். “காலு வந்துச்சா? வரலை. நான் வந்துச்சுன்னு எழுதினா அது பொய்யில்லையா?” அவர் கெட்டவர் இல்லை, பொய் எழுதாதவர், அவ்வளவுதான். முப்பது நாள் வராவிட்டால் வேலை போய்விடும் என்பது விதியில் இருந்தது. இருபத்தாறு ஆகியிருந்தது.

அன்று தையல்காரி ஒரு சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டையும் கையும் ஒரு துணி, உடம்பு வேறு துணி. ஊசியை நிறுத்திவிட்டு, “மேல ஆபீசு, கீழ ஓட்டம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு நாள் வருகை போனாலும் போகட்டும் என்று, ஸ்னீக்கர் போட்ட புருஷனைக் கையைப் பிடித்து அந்தக் கடைக்கு அழைத்து வந்தாள். வேண்டியது இன்னதென்று சொன்னாள்.

“அட, இப்ப அதானேம்மா போகுது” என்றார் கடைக்காரர். “ஸ்னீக்கருக்கும் லோஃபருக்கும் பொறந்த புள்ளை. அம்மா சாயல் மேல, அப்பா சாயல் கீழ.”

மூன்று பெட்டி எடுத்துப் போட்டார். முதல் சோடியின் மேற்பக்கம் துளைத் துளையாகத் துணி; தூரத்திலிருந்து பார்த்தாலே ஓடப் போகிறவன் கால். இரண்டாவது நல்ல தோல்தான், ஆனால் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று பல் தெரியச் சிரித்தது. கண்காணிப்பாளர் பார்ப்பது கீழேயிருந்து என்பதை மறக்காமல் அவள் அதையும் தள்ளி வைத்தாள். மூன்றாவது காப்பிக்கொட்டை நிறத் தோல், முன்பக்கம் சுற்றிலும் கையால் போட்டதுபோல் தையல், குறுக்கே ஒரு பட்டை, நாடா இல்லை. அடியும் அதே நிறத்து ரப்பர், விரல் கனத்துக்கு. வளைத்துப் பார்த்தாள், விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தது, நடுவில் வளையவில்லை. வரிப்பள்ளத்தில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தாள். தையலை அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணினாள். சரி என்றாள்.

கடைக்காரர் ஸ்னீக்கரைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் ஆள் மேலே போய்விட்டதால், உயர அலமாரிக்கு வைத்திருந்த ஏணியில் ஏறித்தான் அளவெடுத்தார். எந்தக் கால் பெரிது என்று கேட்டது அப்போதுதான். பதிலைக் கேட்டுக்கொண்டு, இடது காலின் அளவுக்கு மேல் அரை அளவு கூட்டிக் கொடுத்தார். காலையில் வருகிறவர்களுக்கு அவர் அப்படித்தான் கொடுப்பார். சாயங்காலத்துக்குள் கால் வீங்கும், அதற்கு இடம் வேண்டும். முப்பது வருடப் பழக்கம், ஒருவரும் குறை சொன்னதில்லை. உடம்பின் பாரத்தைத் தாங்காத கால் எந்தச் சாயங்காலத்திலும் வீங்காது என்பது அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இருபத்தேழாவது நாள் இப்படிக் கடையில் முடிந்தது.

இருபத்தெட்டாம் நாள், ஆபீசுக்கு ஐம்பதடி முன்னால், நாலு விரல் தும்மினார். குதிகால் நழுவியது. காலணிகள் இரண்டும் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நின்றன. ஆள் மட்டும் கிளம்பிப் போனார். இரண்டாம் மாடியிலிருந்த பல் டாக்டரின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டதால் அதற்கு மேல் போகவில்லை. பின்னாலேயே வந்த தையல்காரி காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வாயில் பஞ்சோடு நாற்காலியில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, ஜன்னல் வழியாக அவர் கணுக்காலைப் பிடித்துக் கொடுத்தார். “பிதிச்சுக்கித்தேன், பயப்பதாதீங்க” என்றார் அவர். திறந்த வெளியில் வெறுங்காலோடு எவ்வளவு உயரம் போவார் என்று அதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வரும்வரை அவள் அவருடைய இடுப்புப் பட்டையை விடவில்லை. கை சிவந்து, அன்று ராத்திரி கத்தரி பிடிக்க முடியவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் கடைக்காரர் நடந்ததைக் கேட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “தப்பு என்மேலதாம்மா. வீங்காத காலை நான் பாத்ததே இல்லையே” என்றார். அளவைக் குறைத்து வேறு சோடி எடுத்தார். தையல்காரி பையிலிருந்து ஊசியை எடுத்து, குறுக்குப் பட்டைக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், இருபுறமும் ரவிக்கைக்கு வைக்கும் எலாஸ்டிக்கை வைத்துத் தைத்தாள். மாட்டிவிட்டு, கடைக்காரர் பின்னாலிருந்து குதிகாலைப் பிடித்துத் தன் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். காலணி வரவில்லை, நாலு விரல்தான் குப்புற விழுந்தார். விழுந்தவர் தரையில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். “விழுந்து எவ்ளோ நாளாச்சு!” என்றார்.

முப்பதாம் நாள் பத்து மணிக்குக் காப்பிக்கொட்டை நிறக் காலணிகள் அரைக்கதவின் இடைவெளிக்கு வந்து நின்றன. தையல்காரி சைக்கிள் நிறுத்துமிடத்தில், கொடிக்கயிறு சுருட்டி வைத்த பையோடு நின்று அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பேனா நின்றது.

“யாரு?”

“நான்தான் சார். நகல்.”

“மேல ஆபீசு மாதிரி இருக்கு. அடி பார்சல் மாதிரி இருக்கே.”

“ஆபீசுதான் சார்.”

“ஒரு காலைத் தூக்கு.”

தூக்கினால் மீதி ஒற்றைக் காலின் பிடியில்தான் நிற்க வேண்டும். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தையல்காரி பைக்குள் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் வலது காலை மெல்லத் தூக்கினார். இடது கால், அந்த நூலளவு பெரிய கால், இருந்த இடத்திலேயே இருந்தது. கண்காணிப்பாளர் வரிப்பள்ளங்களைப் பார்த்தார். குனிந்து, நாடா எங்கும் ஒளிந்திருக்கிறதா என்று பக்கவாட்டிலும் பார்த்தார். பிறகு பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. “வந்துட்டேல்ல, உள்ள போ. காத்து வருது, மறைக்காத” என்றார். தையல்காரி அங்கேயே படியில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய சைக்கிள் கூடையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுவதும் குடித்தாள். அது தன்னுடையதில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு அவள் சிரித்த சிரிப்பு ஆபீசின் மூன்றாம் அறைவரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் முகம் பார்த்து வருகை போட்டார், அதில் நிறையத் தப்பு நடந்தது. நாலு விரல் பதினான்கு மாதத்துக்கு ஒரு சோடி வாங்கினார். வரிப்பள்ளம் தேயத் தேய நடையில் சத்தம் குறைந்துவிடும், அதை வைத்தே தையல்காரி நாள் சொல்லிவிடுவாள். வீட்டில் அவர் காலணி இல்லாமல் மேலேயே இருந்தார். ஒட்டடை அடித்தார், விளக்கு மாற்றினார், அக்கம்பக்கத்து வீடுகளிலும் கூப்பிட்டால் போய் மாற்றினார். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள் முதல் வாரம் அண்ணாந்து பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் அவர்கள் வீட்டு விசிறியைத் துடைக்கச் சொல்வார்கள்.

ஆரம்ப வருடங்களில் காலையில் கிளம்புவதற்கு அவருக்கு அரை மணி நேரம் ஆகும். வழியில் காலணி கழன்று மேலேயே போய்விட்டால் என்ன செய்வதென்று, சான்றிதழ்கள் எந்தப் பெட்டியில், சாவி எங்கே, அக்காவுக்கு யார் சொல்வது என்று வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவளும் தையலை விட்டு எழுந்து வந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். வருடா வருடம் அந்தப் பட்டியல் சுருங்கி, கடைசியில் “வரேன்” என்ற ஒரு சொல்லில் வந்து நின்றது. போன திங்கட்கிழமை அவள் ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அலமாரியைப் பிடித்து இறங்கி வந்தார். காலணிக்குள் காலை நுழைத்து, எதையோ யோசித்தபடி கதவைத் திறந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். தையல் இயந்திரம் நிற்கவில்லை.