வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

“வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுடு. உனக்கு அரை மணி நேர வேலை,” என்றார் அண்ணன்.

பூட்டுக்காரர் கீழ்த்தளக் குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்தாழ்ப்பாளின் கடைசித் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. தன் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே, டாக்டர் சொன்னபடி, மாடியில் இருந்த தாழ்ப்பாள்களையெல்லாம் எடுத்துவிட்டார். கீழே அண்ணன் குடும்பம் இருக்கிறது என்பதால் இதை மட்டும் விட்டுவைத்திருந்தார். நேற்று மகள் இதற்குள் போய் முக்கால் மணி நேரம் வரவில்லை. கதவைத் தட்டித் தட்டி மனைவியின் கை வீங்கிப்போனது. கடைசியில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். “சும்மா இருந்தேன்” என்றாள்.

“எந்த ரூமுக்கு?” என்று கேட்டார்.

“தெரியாத மாதிரி கேக்காத. மாடி ரூமுக்குத்தான். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. ஆறு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அப்புறம் நீயே கழட்டிக்கோ.”

“ரெண்டு மணி நேரம் புள்ளையப் பூட்டி வைக்கச் சொல்றீங்களா?”

“பூட்டுன்னு யாருடா சொன்னா? தாழ்ப்பாள்னுதானே சொன்னேன்.”

அண்ணன் கெட்டவர் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பு அவள் கண் திறக்கும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். மறுநாள் தெருவில், “வெளியே எதையோ தின்னுட்டா, வயித்துக்கு ஒத்துக்கல” என்று சொன்னவரும் அவர்தான். அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. வயிற்றுவலி எத்தனை நாள் இருக்கும்? அதனால் அவளை வெளியூர் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கிப் படிக்கிறாள் என்று தெரு நம்பியது. அப்படி ஒரு அத்தை இந்தக் குடும்பத்தில் கிடையாது. அவள் மாடியிலேயேதான் இருந்தாள். அவளுடைய துணிகள் வீட்டுக்குள்ளேயே காய்ந்தன. அவள் பால்கனிக்கு வரக்கூடாது. தினம் அரை மணி நேரமாவது வெயிலில் நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் மாத்திரை டப்பாவுக்குள் மடிந்து கிடந்தது.

தெருமுனையில் இருக்கும் அவர் கடையில், சாவி போட வருகிறவர்கள், “பொண்ணு நல்லாப் படிக்கிறாளா?” என்று கேட்பார்கள். அரத்தால் சாவியின் பல்லை ராவிக்கொண்டே, “நல்லாப் படிக்கிறா” என்பார் பூட்டுக்காரர். சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

“தாழ்ப்பாள் வேணாம்ணா. நானே உள்ள உட்கார்ந்துக்கறேன்,” என்றார்.

அண்ணன் யோசித்தார். “சரி. ஆனா ஒரு சத்தம் வரக்கூடாது. என் பொண்ணு வாழ்க்கைடா இது.”

மதியம் மாடிக்குப் போனபோது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை குளித்து நாலு நாள். காலை மாத்திரை ஜன்னல் கட்டையில் அப்படியே இருந்தது.

“எழுந்து அதையாவது போடும்மா.”

“அப்புறம்.”

“இந்த அப்புறத்தைக் காலைலேர்ந்து கேக்கறேன். வீடே உன்னைச் சுத்தி ஓடுது. எழுந்து ஒரு பல் தேய்க்க முடியாதா உன்னால?”

“கத்தாதீங்க,” என்றாள் மனைவி. கீழே அண்ணிக்குக் கூடமாட வேலை செய்ய நல்ல சேலைக்கு மாறிக்கொண்டிருந்தாள். “கத்தினாத் தேய்ப்பான்னா நான் என்னைக்கோ தொண்டை கிழியக் கத்தியிருப்பேனே.”

அவருக்கு மகளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றரை மணிக்கு அவளே கையை நீட்டி மாத்திரையை எடுத்து விழுங்கினாள். அவர் பார்க்காதது போல் இருந்தார்.

நாலு மணிக்குக் கீழே செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் இல்லாத கதவு சாத்தி நிற்காது. ஒரு கை அகலம் திறந்தே இருந்தது. கூடத்தில் பேசுவது தெளிவாக மேலே வந்தது.

“மாடியில யாரு இருக்கா?” மாப்பிள்ளையின் அம்மா.

“என் தம்பியும் அவன் சம்சாரமும். இதோ, டீ கொடுக்கறாளே, இவதான்.”

“குழந்தைங்க?”

டம்ளர் வைக்கும் சத்தம் நின்றது.

“இல்லைங்க,” என்றார் அண்ணன். “அவங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.”

“அடப் பாவமே. கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?”

“பதினெட்டு வருஷம்,” என்றது மனைவியின் குரல்.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டிட்டுத்தான் இருக்கோம்.”

சுவர்ப் பக்கம் திரும்பியபடியே மகள் பேசினாள். “செத்துட்டாள்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. பொறக்கவே இல்லைன்னுட்டாங்க.”

அழுகை இல்லை. கோபமும் இல்லை. அந்தக் குரலை அவர் மூன்று மாதத்துக்கு முன்பும் ஒருமுறை கேட்டிருந்தார். அன்று அதைச் சோம்பல் என்று நினைத்துக் கடைக்குப் போய்விட்டார். இப்போது நாற்காலியை விட்டு எழுந்தார். யார்மேலாவது பாய வேண்டும் என்று மனம் ஆள் தேடியது. அண்ணனைப் பிடித்தது, மனைவியைப் பிடித்தது, கடைசியில் தன்னிடமே வந்து நின்றது. தொண்ணூறு நாளாக அவளை இல்லாதவளாக்கிக்கொண்டிருந்ததில் தன் வாய்க்கும் பங்கு இருந்தது.

“எழுந்திரு. கீழ போலாம்.”

“தலை குளிக்கல.”

“பரவாயில்ல.”

“பெரியப்பா திட்டுவார்.”

“என்னைத்தானே திட்டுவார்.”

அவள் உடனே எழவில்லை. அவர் இந்தமுறை அவசரப்படுத்தவில்லை. கீழே யாரோ சிரித்தார்கள், பேச்சு சம்பளத்துக்கும் வீட்டு வாடகைக்கும் போனது. பிறகு அவள் காலைத் தரையில் ஊன்றினாள். பாதிப் படியில் நின்று அவர் கேட்டார்: “உனக்கு என்னன்னு சொல்லட்டுமா?”

தோளைக் குலுக்கினாள். “சொல்லுங்க. நான் இருக்கேன்னு வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க.”

அவர்களைப் பார்த்ததும் அண்ணன் பாதி எழுந்தார். “இது... பக்கத்து வீட்டுப் பொண்ணு...”

“என் பொண்ணு,” என்றார் பூட்டுக்காரர். “பதினாறு வயசு. மனசுக்கு முடியல. வைத்தியம் நடக்குது. மாடியிலதான் இருக்கா.”

மனைவி தட்டை வைத்துவிட்டு வந்து மகளின் பக்கத்தில் நின்றாள். சிக்கு விழுந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். கையை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா டீயைக் கீழே வைத்தார். யாரிடம் என்றில்லாமல், “இது பரம்பரையா வருமோ?” என்று கேட்டார். எல்லாக் கண்களும், மகளை விட்டுவிட்டு, கல்யாணப் பெண்ணின் மேல் போய் நின்றன. கால் மணி நேரத்தில், “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்து போனார்கள்.

“ஸாரிக்கா,” என்றாள் மகள்.

அண்ணன் மகள் புதுத் துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வந்தவனை அவளுக்குப் பிடித்திருந்தது. “நீ ஏன்டி ஸாரி சொல்றே?” என்றாள் எரிச்சலாக. சித்தப்பாவைப் பார்த்தாள். “இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. நான் இப்படிப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேணாம்.”

அண்ணனுக்கு முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் கத்தவில்லை. முதலில் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு தெருப்பக்கம் இருந்த மூன்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்தினார். கூடம் இருண்டது. அதன் பிறகுதான் தம்பியின் பக்கம் திரும்பினார்.

மகள் மாடிப்படியைப் பார்த்தாள், ஆனால் போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பூட்டுக்காரர் போய் நடு ஜன்னலை அகலத் திறந்துவிட்டார். எதிர்வீட்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்பச் சொல்லுங்கண்ணா,” என்றார்.