சீட்டுக்கு அடியில்

கார்த்திகேசனுக்கு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வயிற்றுக்கு முன்னால் ஒரு பந்தோடு குட்டி ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஏர்பேக்கில் கோளாறு, வண்டி மோதினால் பை விரியாமல் போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். பின் சீட்டிலிருந்து மகள் எழில், "அப்பா, பந்து மாமா வந்துட்டாரு!" என்று கைதட்டுவாள். அவர்கள் குடியிருக்கும் நசரத்பேட்டை அடுக்குமாடியில் நாலு பேர் நின்று பார்க்கிற வண்டி. அதில் போய் இப்படி!

அம்பத்தூர் எஸ்டேட் சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை விட்டாயிற்று. எல்லாம் பார்த்தோம், சென்சார் நன்றாக இருக்கிறது, விளக்கை அணைத்துவிட்டோம் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் பந்து மாமா ஆஜர்.

மூன்றாவது முறை கிளம்பும்போது மனைவி ஷோபனா குழந்தையோடு வந்து ஏறிக்கொண்டாள். "எரியறது என் பக்கத்து ஏர்பேக்குக்குத்தானே? நானும் வந்து கேக்கறேன்" என்றாள். அவள் உட்கார்ந்த சீட்டுக்கு அடியில், கறுப்புக் கவரில் சுற்றி, அரை பாட்டில் பிராந்தி இருந்தது.

திருவேற்காட்டு அம்மன் சன்னதியில், எழில் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணின மகராசன் அவன். ஆபீஸ் முடிந்ததும் பார்க்கிங்கிலேயே இரண்டு மடக்கு, வாயில் ஏலக்காய், அப்புறம் வீடு. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பாட்டிலை எடுத்து ஆபீஸ் லாக்கரில் வைத்துவிடுவான். இன்றைக்கு அதற்கு வழியில்லாமல் போயிற்று. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓட்டினான்.

அங்கே வண்டியை வாங்கி வைத்துப் பேசுகிற பெண் தாட்சாயிணி. ஆவடியிலிருந்து ரயிலில் வந்து போகிறவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வண்டி உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"சார், மேடம் சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் வயர் ஒண்ணு போகுது. அது கழண்டு கழண்டு வந்திருக்கு. இறுக்கி மாட்டிட்டோம். அங்க மட்டும் எந்தப் பொருளும் வைக்காம பாத்துக்கோங்க சார்."

அவ்வளவுதான். கார்த்திகேசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாட்டிலைத் திணிக்கும்போதும் உருவும்போதும் இடித்தது அந்த வயரைத்தான். ஷோபனா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் கனம் இருக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"நாங்க என்னம்மா வைக்கிறோம் அங்க? என்ன வைக்கிறோம்? மூணு தடவை அலைய விட்டுட்டு இப்ப எங்க மேல பழியா? வாயைத் திறந்து சொல்லு, யார் தப்பு?"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் மோகன் ஓடி வந்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாகக் கார்த்திகேசன் இன்னும் உரக்கக் கத்தினான். தாட்சாயிணி அவனைப் பார்த்தாள். ஷோபனாவைப் பார்த்தாள். ஷோபனாவின் விரலைப் பிடித்து நின்ற எழிலையும் பார்த்தாள்.

"என் தப்புதான் சார். போன தடவையே நான் சரியா செக் பண்ண வச்சிருக்கணும்" என்றாள் மேனேஜரிடம்.

"நாளைல இருந்து நீ வரவேணாம்மா" என்றார் மோகன். வாடிக்கையாளர் முன்னால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும் போல. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவன் மெக்கானிக் மதுரைவீரன். ஷோபனா குழந்தையை ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கார்த்திகேசனின் காதோரம் வந்தான்.

"அண்ணாத்தே, உன் சரக்கு பின்னால ஸ்டெப்னி பள்ளத்துல பத்ரமா கீது. தாட்சாயிணி அக்காதான் துணி சுத்தி வெக்கச் சொல்லிச்சு. ஊட்டம்மா கண்ல பட்டா குடும்பத்துல சண்டை வரும்னுச்சு. நீ இன்னாடான்னா அக்காவப் போயி நாறடிச்சுட்ட."

கார்த்திகேசனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போதாவது திரும்பினானா? இல்லை. வண்டியை எடுத்துவிட்டான். அந்த அசிங்கத்தையும் சொல்லத்தானே வேண்டும்.

பூந்தமல்லி சாலையில் வண்டி வெண்ணெயாகப் போயிற்று. ஷோபனா, "பாருங்க, விளக்கே எரியல. கத்தினாத்தான் நம்ம ஊர்ல வேலை நடக்குது" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. இத்தனை நாளும் இவள் சீட்டில் நம்பி உட்கார்ந்து வந்தாள், நான் அடியில் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று கார்த்திகேசன் நினைத்துக்கொண்டான்.

பின்னால் எழில் தன் பொம்மையை உலுக்கிக்கொண்டிருந்தாள். "வாயைத் திறந்து சொல்லு, யார் தப்பு? யார் தப்பு?" அச்சு அசல் அவன் குரல். பொம்மை பதில் சொல்லவில்லை என்று அதன் தலையில் ஓர் அடியும் வைத்தாள்.

வந்த வழியே வண்டி திரும்பியது. "என்னத்த மறந்தீங்க?" என்று ஷோபனா கேட்டாள்.

தாட்சாயிணி டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கார்த்திகேசன் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி பள்ளத்திலிருந்து அந்தத் துணி மூட்டையை எடுத்தான். எல்லோரும் பார்க்கப் பிரித்து, மோகனின் மேசையில் பாட்டிலை வைத்தான். கூடவே வந்த ஷோபனா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இதான் சார் சீட்டுக்கு அடியில இருந்தது. வயரைக் கழட்டினது நான். இந்தப் பொண்ணு என் மானத்தைக் காப்பாத்தப் பழியை ஏத்துக்கிச்சு. நான் தெரிஞ்சேதான் கத்தினேன். அதை வேலையை விட்டு அனுப்பாதீங்க." தாட்சாயிணி பக்கம் திரும்பினான். "மன்னிச்சிரும்மா."

"மேடம் முன்னாடி எதுக்கு சார் இதெல்லாம்..." என்று அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள். மோகன் தொண்டையைக் கனைத்து, "பையை உள்ள வைம்மா, போ" என்றார்.

ஷோபனா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தைப் பற்றிக் கேட்பாள், கோயிலைப் பற்றிக் கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் சீட்டுக்கு அடியிலயா?"

அவள் போய்த் தாட்சாயிணியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். பிறகு வந்து, பின் கதவைத் திறந்து, எழிலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியைக் கிளப்பினான். ஆள் இல்லாத சீட்டுக்கு ஏர்பேக் விரியாது என்று சொல்கிற சின்ன மஞ்சள் விளக்கு, ஷோபனா உட்காருகிற பக்கத்தில் பளிச்சென்று எரிந்தது. அதிலும் அதே குட்டி ஆள்தான்.

"அப்பா, பந்து மாமா! மறுபடி ரிப்பேரா?" என்றாள் எழில்.

கார்த்திகேசன் கண்ணாடியில் ஷோபனாவைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்பேர் இல்லம்மா. சரியாத்தான் சொல்லுது" என்றான்.