வடக்குச் சுவருக்குக் கையெழுத்து கிடையாது

மார்லிஸ் ஹௌகன் பதினேழு வருஷமாக டுலூத் நகரத்தில் வீடுகளைச் சோதித்துச் சொல்கிற வேலை பார்த்துவந்தாள். வீடு வாங்கப்போகிறவர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் கூரையில் ஏறுவாள், தரைக்கடியில் தவழ்வாள், மூன்று மணி நேரம் கழித்துத் தூசியும் ஒட்டடையுமாக வெளியே வந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுப்பாள். ஊரிலுள்ள தரகர்களில் பாதிப் பேர் அவளுக்கு ‘பேரங்கலைச்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தாலும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் கடைசியில், பனி உருகி மலைச்சரிவுத் தெருக்களெல்லாம் ஓடையாகிக் கிடந்த வாரத்தில், அவளுக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தது. முந்தின அக்டோபரில் அவள் சோதித்த வீட்டை வாங்கியவள் கோரின் லாபெர்ஜ், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நிலவறையின் வடக்குச் சுவர் உள்பக்கமாகப் பிதுங்கி, தண்ணீர் கொட்டுகிறதாம். சரிசெய்ய நாற்பத்தெட்டாயிரம் டாலராம். சோதித்தவள் கவனிக்காமல் விட்டதால் வந்த நஷ்டம், அவள்தான் தரவேண்டும் என்றது கடிதம்.

மார்லிஸ் நின்ற இடத்திலேயே தன் தொழிலுக்கான இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். தாமதமாகச் சொன்னால் கைகழுவிவிடுவார்கள் என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். பிறகு தன் பழைய அறிக்கையை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் அவள் எடுத்த நிலவறைப் படம்: தரையிலிருந்து உத்தரம் வரை மர அலமாரி, அது நிறைய ஜாம் புட்டிகளும் பெயிண்ட் டப்பாக்களும். படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது: ‘வடக்குச் சுவரை நான் பார்க்கவில்லை. பார்க்க வழியில்லை. இந்த அலமாரியை எடுக்கச் சொல்லிவிட்டு, பத்திரத்தில் கையெழுத்திடுமுன் என்னைக் கூப்பிடுங்கள். மறுபடி வர நான் காசு கேட்கமாட்டேன்.’

யாரும் கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வேட் பிரிட்சர்ட் பேசினான். க்ளைம்களைப் பேசி முடிப்பது அவன் உத்தியோகம். குரலில் வெண்ணெய் வழிந்தது.

“உங்க ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு மார்லிஸ். ஆனா கோர்ட்டுன்னு போனா வக்கீல் செலவே இதைவிட மேல போயிடும். பதினெட்டாயிரத்துக்கு முடிச்சுடலாம்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. நாங்க குடுத்துடறோம். நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“தப்பு பண்ணாதவ எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?”

“இதுல தப்பு, சரின்னெல்லாம் எதுவும் இல்ல. இது வெறும் கணக்கு.”

“உங்களுக்குக் கணக்கு. நாளைக்கு இந்த ஊர்ல எவன் வீட்டுச் சுவர் இடிஞ்சாலும், ‘மார்லிஸ் மேல கேஸ் போடு, உடனே குடுத்துடுவாங்க’ன்னு பேசுவான். நான் போட மாட்டேன்.”

இப்போது வேட்டின் குரலில் வெண்ணெய் இல்லை. “பாலிசியை ஒருதரம் படிச்சுப் பாருங்க. நாங்க முடிக்கலாம்னு சொல்லி நீங்க மறுத்தா, பதினெட்டுக்கு மேல ஆகற ஒவ்வொரு டாலரும் உங்க தலையிலதான்.”

“படிச்சிருக்கேன். நீங்க நான் எழுதினதைப் படிச்ச மாதிரி இல்ல, நிஜமாவே படிச்சிருக்கேன்.”

சாயங்காலம் அவள் கணவன் ஓரின் கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறையில் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் காலுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவன் பணம், அவன் குடுக்கறான். உனக்கென்னடி வந்தது? கையெழுத்துப் போட்டுட்டு சூப்பைச் சுடவை.”

“உன் கப்பல்ல எவனோ சரக்கைக் கொட்டிட்டு ‘ஓரின்தான் கொட்டினான்’னு எழுதி நீட்டினா, கையெழுத்துப் போடுவியா?”

“மாட்டேன்.”

“அப்ப சூப்பை நீயே சுடவச்சுக்கோ.”

அவன் சிரித்துவிட்டான். ஆனால் படுக்கப்போகுமுன், “தோத்துட்டா வேனை வித்துடுவோம், வீட்டை மட்டும் விட்டுக்குடுக்க முடியாது, சொல்லிட்டேன்” என்றான். அவன் கட்சி மாறிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

மே மாதம் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்ப்பதென்று ஏற்பாடு. வேட் மினியாபொலிஸிலிருந்து வந்திருந்தான். வாசலிலேயே அவளை ஓரங்கட்டினான். “வாயைத் திறக்காதீங்க. உங்க வாயால ஏதாவது தப்பை ஒத்துக்கிட்டா, பாலிசியே செல்லாதுன்னு எங்க ஆளுங்க சொல்லிடுவாங்க. வானிலை பத்திக்கூடப் பேசாதீங்க.”

அவள் வழக்கம்போல வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். வடக்கு மூலையில் அவள் கால் நின்றுவிட்டது. கூரைத் தண்ணீரை இறக்கும் தகரக் குழாய், சுவரைவிட்டு ஆறடி தள்ளிக் கொட்டவேண்டியது, அஸ்திவாரத்தின் காலடியிலேயே முடிந்திருந்தது. துருவைப் பார்த்தால் இது பல வருஷக் கதை. அக்டோபரில் இதே இடத்தில்தான் நடந்து போயிருக்கிறாள். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நிலவறைப் படியில் கோரின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசிருக்கும். பஸ் கம்பெனிச் சட்டையோடு, தூக்கம் கெட்ட முகம். “வாங்க வாங்க,” என்றாள். “இப்பவாவது சுவர் கண்ணுக்குத் தெரியுதா?”

மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். அலமாரியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. கோரின் தரப்பில் வந்த பொறியாளர், நரைத்த தாடிக்காரர், அளந்து குறித்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் டார்ச்சை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தாள். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் காசு அகலத்துக்கு வட்ட வட்டமாகத் திட்டுகள். மேலே நான்கு, கீழே நான்கு, நூல் பிடித்த மாதிரி வரிசையில்.

பொறியாளர் குனிந்து பார்த்தார். ஒரு திட்டைச் சுரண்டினார். உள்ளே அறுத்த போல்ட்டின் முனை பளிச்சிட்டது.

“இந்தச் சுவருக்கு இரும்புத் தூண் முட்டுக் குடுத்திருந்திருக்காங்க. வித்தவன் அதை அறுத்தெடுத்து, பூசி, பெயிண்ட் அடிச்சு, மேல அலமாரியைக் கட்டியிருக்கான்,” என்றார். “அலமாரி பழைய மரமே இல்ல. விக்கறதுக்குன்னே அடிச்சது.”

வேட் முகத்தில் சிரிப்பு பரவியது. கண்ணாலேயே மார்லிஸிடம் ‘கிளம்பலாம்’ என்றான். கிளம்பியிருக்கலாம். அந்தக் குழாயைப் பற்றி அதுவரை ஒருவரும் வாய் திறந்திருக்கவில்லை.

“கோரின், வெளிய வடக்கு மூலையில தண்ணிக் குழாய் சுவரோரமாவே கொட்டுது,” என்றாள் மார்லிஸ். “அதை நான் அன்னிக்கே எழுதியிருக்கணும். எழுதல. என் தப்பு.”

“மார்லிஸ்!” என்று வேட் கத்தினான்.

கோரின் எழுந்து நின்றாள். “அப்ப ஒத்துக்கறீங்க!”

“குழாயை ஒத்துக்கறேன். நாளைக்கே நானே வந்து மாட்டித் தர்றேன். இந்தச் சுவரை ஒத்துக்க மாட்டேன். இதைப் பார்க்கலன்னு பதினாலாம் பக்கத்துல எழுதினேன், மறுபடி வர்றேன்னும் எழுதினேன். நீங்க கூப்பிடல. உங்களை ஏமாத்தினவன் வேற ஆளு. அவன் இப்ப சுகமா இருக்கான், நாம ரெண்டு பேரும் இங்க நின்னு கத்திக்கிட்டிருக்கோம்.”

கோரின் மறுபடி படியில் உட்கார்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்ல. அலமாரி தானேன்னு தரகர் சொன்னாரு. வேற ஒருத்தர் கூடுதலா குடுக்கத் தயாரா இருக்காங்க, சீக்கிரம் முடிங்கன்னாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க மேல எனக்கு இன்னும் கோவம்தான்.”

“இருக்கட்டும். கோவம் தப்பில்ல. ஆள் மாறக் கூடாது, அவ்வளவுதான்.”

தெருவில் வேட் அவளைப் பிடிபிடி என்று பிடித்தான். “ஜெயிச்ச ஆட்டத்துல போய்த் தானா காயை வெட்டுக் குடுப்பாங்களா? பத்து வருஷமா இந்த வேலையில இருக்கேன், உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்ல.”

“பாவம், பத்து வருஷமா?” என்று கேட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

மறுநாள் ஓரினோடு போய்க் குழாயை நீட்டி மாட்டினாள். அதுவரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோரின், முடியும் சமயத்தில் இரண்டு கோப்பைக் காபி கொண்டுவந்து வேலியின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூலையில் மார்லிஸ் மேலிருந்த வழக்கைக் கோரினின் வக்கீல் வாபஸ் வாங்கிக்கொண்டு, வீட்டை விற்றவன்மேல் போட்டார். போல்ட்டுகளை வைத்துக்கொண்டு அவனால் அதிகம் பேச முடியவில்லை. இலையுதிர் காலத்துக்குள் சுவருக்கான பணத்தைக் கொடுத்து முடித்துக்கொண்டான்.

வேட்டின் கம்பெனி, காரணம் சொல்லாமல், அடுத்த வருஷத்துக்கு அவள் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தது. இரண்டு தரகர்கள் அவளுக்கு வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள். அவள் வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். அதில் ஒரு கேள்வி: ‘உங்கள்மேல் எப்போதாவது க்ளைம் வந்ததா? எந்தத் தவறையாவது ஒத்துக்கொண்டீர்களா? விளக்குக.’ விளக்க நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள்.

“இல்லைன்னு எழுதிட்டுப் போயேன்,” என்றான் ஓரின், அவளைச் சீண்டத்தான்.

மார்லிஸ் ‘ஆம்’, ‘ஆம்’ என்று இரண்டு கட்டத்திலும் அழுத்திக் குறியிட்டாள். பிறகு பதினொரு பக்கம் எழுதி, சுவர், போல்ட், குழாய் என்று எல்லாப் படத்தையும் வைத்துத் தைத்து அனுப்பினாள். மூன்று வாரத்தில் பாலிசி வந்தது. பிரீமியம் கால் பங்கு கூடுதல். கட்டினாள்.