பின்வாசல் வாளி

"முன்வாசல்ல ஏறாத. பின்னால வாளியில தண்ணி இருக்கு, ஊத்திட்டு வா."

பொன்னழகு அதட்டவில்லை. மூன்று வருடமாகத் தினமும் மருமகளிடம் சொல்கிற பேச்சு, வாயிலிருந்து தானாக வந்தது. காரின் இந்தப் பக்கம் இறங்கிய சத்தியப்பிரியாவுக்குத்தான் அது. அந்தப் பக்கம் இறங்கிய சின்ன மகன் வீரபாண்டியனுக்கு வேறு உபசாரம்: "வாப்பா, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு. சோறு வச்சிருக்கேன்."

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அவசரப் பிரிவு. அவன் டாக்டர், அண்ணன் மனைவியான இவள் நர்ஸ். சாவைத் தொடுகிறவள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாதாம். டாக்டர் எட்ட நின்று சீட்டு எழுதுகிறவர் என்றே பொன்னழகு நினைத்திருந்தாள். மகனும் திருத்தவில்லை. சூடான சோறு யாருக்குத்தான் கசக்கும்? சிங்கப்பூரிலிருக்கும் இவள் கணவனோ, "அம்மா மனசு நோகாம அனுசரிச்சுப் போ" என்பதோடு சரி.

இன்று காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ்களின் மனநலத்துக்கென்று ஒரு கூட்டம். ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு தாளும் கொடுத்தார்கள். 'வீட்டில் ஆதரவு உண்டா?' என்ற கேள்விக்குச் சத்தியப்பிரியா யோசிக்காமல் 'ஆம்' என்று டிக் அடித்தாள். அதற்குள் புதுவயலில் லாரி இடித்த ஆலைத் தொழிலாளி ஒருத்தியைத் தூக்கி வந்துவிட்டார்கள். இவளும் வீரபாண்டியனும் மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் நெஞ்சை அழுத்தினார்கள். பிழைக்கவில்லை. இருவரும் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

சத்தியப்பிரியாவுக்கு அழுகை வரவில்லை. மணிக்கட்டு மட்டும் வலித்தது. ஒரு நாளாவது நேராக உள்ளே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பின்னால் போய் வாளிக்குள் கையை விட்டாள். தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, முன்வாசல் வழியே ஏறி, சாப்பிட்டுக்கொண்டிருந்த வீரபாண்டியன் பக்கத்தில் வைத்தாள்.

"என்னடி இது?"

"தம்பியும் இன்னும் குளிக்கல அத்த. ஒரே ஒடம்பத்தான் ரெண்டு பேரும் தொட்டோம்." குரல் உயரவேயில்லை.

பொன்னழகு மகனைப் பார்த்தாள். "நீயுமாப்பா தொட்ட?"

அவன் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். எழுந்து போகவும் இல்லை, அடுத்த வாய் வைக்கவும் இல்லை. அவனைக் குளிக்கச் சொல்லவும் பொன்னழகுக்கு வாய் வரவில்லை.

சத்தியப்பிரியா எதிரில் உட்கார்ந்து, ஒரு தட்டை இழுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டாள். சோறு விரலைச் சுட்டது.